மின்னலும் ரேடியோ இரைச்சலும்: கேள்விகளும் பதில்களும்

ஹாம் ரேடியோவும் (பொழுதுபோக்காக உரிமம் பெற்று ரேடியோவில் பேசுவது) பழைய வானொலிப் பெட்டிகளும்தான் எனக்குத் தெரிந்த உலகம், அதற்குள் கேளுங்கள். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இடிச்சத்தம் காதில் விழுந்த பிறகு ஆன்டெனா வயரைக் கழற்றப் போகாதீர்கள். மேகம் கறுக்கும்போதே கழற்றிவிட வேண்டும்.

தென்காசி வாசகர்: ராத்திரி மத்திய அலையில் பாட்டுக் கேட்கிறேன். வானம் தெளிவாக இருக்கிறது, ஆனால் பெட்டியில் சடசடவென்று சத்தம். பழுதா?

பழுதில்லை. நீங்கள் கேட்பது வேறு எங்கோ வெட்டும் மின்னல். ஒரு மின்னலில் பல ஆயிரம் ஆம்பியர் மின்னோட்டம் சில மைக்ரோ நொடிகளில் உச்சத்துக்கு ஏறி இறங்குகிறது, இவ்வளவு வேகமாக மின்னோட்டம் மாறினால் ஒரு அதிர்வெண்ணில் மட்டுமல்ல, பரந்த அளவில் எல்லாவற்றிலும் ரேடியோ அலை கிளம்பும். வலு அதிகம் இருப்பது 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம். மேலே போகப் போகக் குறையும், ஆனாலும் சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸில் தொந்தரவு செய்யப் போதுமான அளவு மிஞ்சும்.

வானத்தில் வெகு உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்குகள் இருக்கின்றன, அதுதான் அயனி மண்டலம். பகலில் அதன் அடித்தட்டு, டி அடுக்கு என்போம், மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அது கரைந்துபோகும். மேலடுக்குகள் அலையைத் திருப்பி அனுப்பும், பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புயல்மழையின் சத்தமும் உங்கள் பெட்டிக்கு வந்துசேரும். தூரத்து ஊர் நிலையங்கள் ராத்திரியில் கேட்பதும் இதே வழியில்தான். உலகம் முழுக்கச் சேர்த்தால் நொடிக்குச் சராசரியாக 40-க்கு மேல் மின்னல் வெட்டுகிறது, அதனால் இந்த இரைச்சல் முழுசாக ஓய்வதே இல்லை.

காது கொடுத்துக் கேட்டால் 'டக்' என்று தொடங்கி 'கரர்ர்' என்று அரை நொடி இழுக்கும். ஒரே மின்னலில் மூன்று நான்கு வெட்டுகள் அதே பாதையில் அடுத்தடுத்து இறங்குவதுதான் அந்த இழுப்பு. விடாமல் ஒரே சீராக 'ர்ர்ர்' என்றால் அது மின்னல் இல்லை, எல்.இ.டி. பல்போ சார்ஜரோ. மெயினை அணைத்துவிட்டு பேட்டரியில் கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கேள்வி: செல்போன் பேசினால் மின்னல் இழுக்குமா?

இழுக்காது. வயர் வைத்த லேண்ட்லைன் வேறு, இடி நேரத்தில் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: மழை வந்தால் டி.டி.எச். படம் போய்விடுகிறது. மின்னலாலா?

மழைத்துளிகளால். 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கனமழை உறிஞ்சிவிடுகிறது.

கேள்வி: எஃப்.எம்.மில் மட்டும் ஏன் இந்தச் சத்தம் வருவதில்லை?

முக்கியக் காரணம் அது 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருப்பது. அங்கே மின்னலின் வலு மிகக் குறைவு.

ஈரோடு ஹாம் நண்பர்: ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். எஃப்.எம். ரிசீவரில் லிமிட்டர் இருக்கிறது, வீச்சில், அதாவது அலையின் பலத்தில், வரும் ஏற்ற இறக்கத்தை வெட்டிவிடும். அதுதான் காரணம்.

லிமிட்டர் உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் விமானங்கள் பேசுவது 118 மெகாஹெர்ட்ஸுக்கு மேல், அதுவும் ஏ.எம்.மில், அதாவது மத்திய அலை மாதிரியே வீச்சை ஏற்றி இறக்கிப் பேச்சை அனுப்பும் முறையில். லிமிட்டர் மட்டும்தான் காரணம் என்றால் மழைக்காலத்தில் விமானிக்கு மத்திய அலை மாதிரி காது கிழிய வேண்டுமே?

ஈரோடு ஹாம் நண்பர்: விமானம் கண்ணுக்கு எட்டும் தூரத்துப் பேச்சு, சிக்னல் பலமாக இருக்கும். அதனால் இரைச்சல் அமுங்குகிறது.

நான் சொல்ல வந்ததையே சொல்கிறீர்கள். அந்த அதிர்வெண்ணை அயனி மண்டலம் பெரும்பாலும் திருப்பி அனுப்புவதில்லை, அது இரைச்சலுக்கும் பொருந்தும். நூறு கிலோமீட்டருக்கு மிகவும் அப்பால் இருக்கும் மின்னல் அங்கே வந்து சேராது, பக்கத்து மின்னல் மட்டும் 'டிக்' என்று கேட்கும். மத்திய அலைக்கோ பாதி இந்தியாவின் மின்னலும் வரும். எஃப்.எம். முறையிலேயே இருந்தாலும் சிக்னல் இரைச்சலைவிடப் பலமாக இருந்தால்தான் லிமிட்டரால் பயன், பலவீனமாக இருந்தால் அதுவும் தோற்றுவிடும்.

ஈரோடு ஹாம் நண்பர்: சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் நாங்கள் ஹாம் பேசும் 7 மெகாஹெர்ட்ஸில், இரைச்சல் வரும் நொடியில் ரிசீவரை ஊமையாக்கும் நாய்ஸ் பிளாங்கர் போட்டும் ஏன் பயனில்லை?

அது வண்டியின் ஸ்பார்க் பிளக் தரும் குட்டிக் குட்டித் துடிப்புகளுக்காகச் செய்தது. மின்னல் அரை நொடி இழுக்கிறது, அவ்வளவையும் வெட்டினால் எதிராளி பேச்சும் சேர்ந்து போகும். லூப் ஆன்டெனாவை (வளைய வடிவ ஆன்டெனா) திருப்பி, புயல் இருக்கும் திசையை அடக்கிப் பாருங்கள். கணினி வழியாகச் சின்னச் சின்ன செய்தி அனுப்பும் எஃப்.டி.8 என்ற ஹாம் முறையில் ஒரு செய்தி 12 நொடிக்கு மேல் பரவிக் கிடக்கிறது, பிழைதிருத்தமும் உண்டு, நடுவில் நாலைந்து சடசட விழுந்தாலும் தப்பிவிடும். இடி பக்கத்தில் என்றால் இதெல்லாம் வேண்டாம், ஆன்டெனாவை முன்பே கழற்றிவைத்துவிட்டு ரேடியோவை விட்டுத் தள்ளி வீட்டுக்குள்ளேயே இருங்கள்.

கேள்வி: வாட்ஸப் பார்த்தால் மின்னல் தாக்குமா?

மேலே சொன்னதுதான், இல்லை.

பாம்பன் வாசகர்: படகில் ஆபத்து அழைப்புக்கான கடல் ரேடியோ சேனல் 16 வைத்திருக்கிறோம். மின்னல் கெடுக்குமா?

156.8 மெகாஹெர்ட்ஸ், தூரத்து மின்னல் கெடுக்காது. ஒரு சின்ன ஏ.எம். ரேடியோவும் கூட இருக்கட்டும். சடசட அடிக்கடி வந்து, பலமும் கூடிக்கொண்டே போனால் புயல்மழை நெருங்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வானிலை எச்சரிக்கைக்கு அது மாற்று இல்லை. எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக வேண்டாம்.

கேள்வி: விசில் மாதிரி இறங்கும் சத்தம் மின்னலால் வருமாமே?

வரும். பூமியின் காந்தப்புலக் கோட்டைப் பிடித்து விண்வெளிக்குப் போய், மறு அரைக்கோளத்தில் இறங்கும் அலை அது. வேகமான உயர் அதிர்வெண் முன்னால் வரும், தாழ்ந்தது பின்தங்கும், அதனால்தான் 'உஈஈஊ' என்று இறங்குகிறது. 1953-ல் ஸ்டோரி என்ற விஞ்ஞானி விளக்கியது. தமிழ்நாட்டின் தென்கோடி காந்த நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அங்கே காந்தக்கோடு விண்வெளிக்கு உயராமல் படுத்தே கிடக்கும், அதனால் இங்கே அதை எதிர்பார்த்து உட்கார வேண்டாம்.

கேள்வி: இடி நேரத்தில் போன் சார்ஜ் போடலாமா?

வேண்டாம். பிளக்கை இடிக்கு முன்பே பிடுங்கிவிடுங்கள்.