டெபாசிட் கட்ட நான்கு வாரம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம் என்னுடையது. காலனி வீடு. அப்பா கட்டட வேலை, அம்மா நூறு நாள் வேலை. அரசுக் கல்லூரியில் எம்.ஏ. சமூகவியல் முடித்தேன். குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. இப்போது ஒரு தனியார் கல்லூரியில் மூன்றாவது வருடமாகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறேன்.

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. செங்கல் சூளைத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்ய ஆசை. அவர்கள் இணையதள முகப்பில் எல்லா நிறத்திலும் முகங்கள், 'அனைவரையும் வரவேற்கிறோம்' என்ற வாசகம். ஆனால் நான்கு வாரத்துக்குள் டெபாசிட் கட்டச் சொல்கிறார்கள். அவகாசம் கேட்டேன், இனிமையாக மறுத்துவிட்டார்கள். இந்திய மாணவர்களுக்கு ஜூமில் ஒரு கூட்டம் வைத்தார்கள். வந்தவர்கள் டெல்லி, மும்பை, பெங்களூர். ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, 'எந்த ஸ்கூல்?'

பன்முகத்தன்மை, அனைவரையும் உள்ளடக்குதல் என்பதெல்லாம் நாடகம்தானா? உதவித்தொகைக் கட்டுரைகளில் எங்கள் வறுமையை எழுதச் சொல்கிறார்கள் நண்பர்கள். எழுதலாமா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் வாழ்த்துகள். கேள்விகள் ஒரு பக்கம் இருக்கட்டும், இடம் கிடைத்தது பெரிய விஷயம்.

நாடகம் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். பல்கலைக்கழகங்களின் பன்முகத்தன்மை அலுவலகங்களில் மனதார உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் நீங்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவரின் இளநிலைக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017 முதல் 9,250 பவுண்டிலேயே நின்று, 2025இல்தான் 9,535 ஆனது. இடையில் விலைவாசி எங்கேயோ போய்விட்டது. வெளிநாட்டு மாணவருக்கு அப்படி வரம்பு கிடையாது. துண்டு விழுவதை அந்தப் பணம்தான் சரிக்கட்டுகிறது. பின்தங்கிய பிள்ளைகளைச் சேர்க்க என்ன செய்யப் போகிறோம் என்று அங்குள்ள பல்கலைக்கழகங்கள் ஒழுங்குமுறை அமைப்பிடம் திட்டம் கொடுக்கின்றன. அந்தத் திட்டம் உள்நாட்டு மாணவருக்கானது. அதாவது சமத்துவம் செலவுக் கணக்கில் இருக்கிறது, நீங்கள் வரவுக் கணக்கில். முகப்புப் படத்தில் மட்டும் எல்லாரையும் சேர்த்து நிற்க வைத்திருக்கிறார்கள்.

ஜூம் கூட்டத்துக்கு வருகிறேன். விண்ணப்பப் படிவத்தில் 'இந்தியர்' என்று ஒரே ஒரு கட்டம். மும்பையின் பணக்காரப் பகுதியான மலபார் ஹில்லில் வளர்ந்த பையனும் நீங்களும் அதே கட்டத்தில்தான் டிக் அடிக்கிறீர்கள். அவன் வந்ததுமே அவர்களுக்கு இந்தியா வந்துவிட்டது. எந்த இந்தியா என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை.

உங்களைப் போன்றவர்களை வடிகட்டுவது மதிப்பெண் அல்ல என்று நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். அடுத்த சல்லடை வங்கியில் இருக்கிறது. கல்விக்கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்தைப் பிணையமாகக் கேட்கும். இங்கிலாந்துப் படிப்புக்கு 7.5 லட்சம் எந்த மூலைக்கு? எனக்குத் தெரிந்த ஒரு பையன் வீட்டுப் பட்டாவை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனான். ஆதிதிராவிடர் நலத்துறை ஒப்படைத்த மனை. மேலாளர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மூலப்பத்திரம் கேட்டார், முப்பது வருட வில்லங்கம் கேட்டார். அப்புறம் பட்டாவின் பின்பக்க நிபந்தனைகளில் விரலை வைத்து, 'இதை ஏலம் விட முடியாதே தம்பி' என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஏலம் விட முடியாத வீட்டுக்கு வங்கிக் கணக்கில் மதிப்பில்லை, அவ்வளவுதான்.

விசாவிலும் இதே கதை. கட்டணப் பாக்கியும் ஒன்பது மாதம் தங்கிச் சாப்பிடும் செலவும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும். இருக்கிறவருக்கு அந்தப் பணம் எப்படியும் வங்கியில்தான் கிடக்கும், அவருக்கு இது ஒரு காகிதம். இல்லாதவருக்கு 28 நாள் வட்டி. இந்த 28 நாளுக்கென்றே பணம் போட்டு எடுக்கிற தரகர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள், பிடிபட்டால் விசா போவதோடு நிற்காது. இதற்கு மேல் மருத்துவக் கூடுதல் கட்டணம், ஆண்டுக்கு 776 பவுண்டு. அதையும் விசா விண்ணப்பத்தோடு முழுசாகக் கட்ட வேண்டும். முழு உதவித்தொகை கொடுக்கும் அரசு ஆதரவாளர் கடிதம் இருந்தால் அந்த 28 நாள் கதையே இல்லை. அதனால்தான் கடனைவிட உதவித்தொகையைத் துரத்துங்கள் என்கிறேன்.

அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார், மாதம் பதினொன்றரைப் பவுண்டு, மூன்று வருடம். அங்கிருந்து லண்டன். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. பரோடாவில் வேலைக்குப் போனவருக்குத் தங்க ஒரு வீடு கிடைக்காமல் பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டது உங்களுக்குத் தெரிந்த கதை. பம்பாயில் பேராசிரியர் வேலை பார்த்துச் சேர்த்த காசு, கோலாப்பூர் சாகு மகராஜ் கொடுத்தது, ஒரு பார்சி நண்பரின் கடன், இவற்றை வைத்து 1920இல் மறுபடி கப்பல் ஏறி 1923இல் லண்டனில் டி.எஸ்சி. என்ற முனைவர் பட்டம் வாங்கினார். அவருக்கே மூன்று வருடம் பணத்தால் போயிற்று.

இன்னொன்று. 1916 மே மாதம் கொலம்பியாவில் ஒரு மானிடவியல் கருத்தரங்கில் அவர் வாசித்த கட்டுரை இந்தியச் சாதிகளைப் பற்றியது. 1954-55 முதல் பட்டியல் சாதி மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டத்துக்கு 2022இல் ஒரு விதி சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா சார்ந்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்குப் பணம் கிடையாது. அவற்றுக்கான நிபுணர்கள் இங்கேயே இருக்கிறார்கள் என்பது சொன்ன காரணம். அந்த விதியை வைத்துப் பார்த்தால் அம்பேத்கரின் விண்ணப்பமும் உங்கள் செங்கல் சூளையும் ஒரே தட்டில்தான் போய் விழும். எரிச்சலாகத்தான் இருக்கிறது. 2025 ஜூலையில் அதே திட்டத்தில் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்று பதில். செய்தி வெளியாகிக் கூச்சல் எழுந்த பிறகுதான் அசைந்தார்கள். வெள்ளைக்காரனின் 'அனைவரையும் வரவேற்கிறோம்' என்பதைத் திட்டும்போது இதையும் சேர்த்துத் திட்டிவிடுவது நியாயம்.

அங்கே போன பிறகு 'எந்த ஸ்கூல்?' தொடரும், அது 'சர்நேம் என்ன?' என்றும் வரும். அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இல் சாதியைப் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சேர்த்தது. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இல் தன் 23 வளாகங்களுக்கும் சேர்த்தது. (இப்போது அமெரிக்காவில் பல இடங்களில் பன்முகத்தன்மை அலுவலகங்களையே மூடிக்கொண்டிருக்கிறார்கள், அது வேறு.) பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வழி வைத்தார்கள், 2013இல் கட்டாயமும் ஆக்கினார்கள், 2018இல் வேண்டாம் என்று அரசு கைவிட்டது. ஆனால் 2014இல் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், பூர்வீகத்தோடு தொடர்புள்ள சாதிப் பாகுபாடு ஏற்கெனவே 'இனம்' என்பதில் அடங்கலாம் என்று சொல்லியிருக்கிறது. புகார் கொடுக்க வேண்டி வந்தால் அந்த இழையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வறுமையை எழுதலாமா என்று கேட்டீர்கள். படிவத்தில் வருமானம் கேட்கும் இடத்தில் தயங்காமல் எழுதுங்கள், சான்றிதழை இணையுங்கள். கட்டுரையில் அம்மாவின் கையில் காய்த்த காய்ப்பை வைத்துத் தொடங்காதீர்கள். தேர்வுக் குழுவினர் அப்படி நூறு படித்திருப்பார்கள், கண்ணீர் விடுவார்கள், அடுத்ததைப் புரட்டுவார்கள். சூளையில் முன்பணம் எப்படிக் கணக்குப் பார்க்கப்படுகிறது, ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, பருவம் முடிந்தும் கடன் ஏன் தீர்வதில்லை என்று உங்களால் எழுத முடியும். மலபார் ஹில் பையனால் முடியாது.

நான்கு வாரம் முடியும் முன் சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைக்கக் கேட்டு எழுதுங்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறேன், முடிவு வரும்வரை டெபாசிட்டிலிருந்து விலக்கு வேண்டும் என்று தனியாக ஒரு மின்னஞ்சல். மறுத்தவர் சேர்க்கைப் பிரிவு எழுத்தராக இருந்திருக்கலாம். துறையின் பாட இயக்குநருக்கு அனுப்புங்கள். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வருமானச் சான்றை இ-சேவையில் இப்போதே புதுப்பித்து, சாதிச் சான்றையும் எடுத்து வையுங்கள். காமன்வெல்த் பகிர்வு உதவித்தொகை, வேறு வழியில் பிரிட்டனில் படிக்க முடியாதவர்களுக்கென்றே இருப்பது. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். உங்கள் தொகுப்பூதிய வருடங்கள் அங்கே உதவும், கல்லூரியில் பணிச்சான்று எழுதி வாங்குங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, லண்டனில் உள்ள சோயாஸ், ரெடிங் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களிலும் இந்தியர்களுக்கு ஃபெலிக்ஸ் உதவித்தொகை உண்டு, அதற்கு அந்தப் பல்கலைக்கழகங்களுக்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கட்டுரை வரைவை அனுப்புங்கள். இந்த வாரம் ஊரில் இல்லை, திங்கட்கிழமைக்கு மேல் படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்