ராஜினாமா கேட்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா? வாசகர் கேள்வி – பதில்

நிதி நிறுவன ஊழியர்களிடமிருந்து வரும் கேள்விகளில் இப்போது அதிகம் தெரிவது ஒரே குமுறல்தான்: எங்கள் வேலை வெளி ஏஜென்சிக்குப் போகிறது, நிர்வாகம் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வீட்டுக்கடன் நிறுவனத்தில் பேக் ஆபீஸ் வேலை. எங்கள் பிரிவை ஏஜென்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். "ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே சேருங்கள், அதே சீட், அதே சம்பளம்" என்கிறார் ஹெச்.ஆர். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். சர்வீஸ் 4 வருடம் 10 மாதம். (சென்னை)

அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஊழியரின் சம்மதம் இல்லாமல் அவரை வேறொரு முதலாளியிடம் மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. அதனால்தான் உங்கள் கையால் ராஜினாமா கேட்கிறார்கள்.

நிறுவனமே உங்களை அனுப்பினால் அது ஆட்குறைப்பு. ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் என்று 1947 தொழில் தகராறு சட்டம் சொன்னது, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. நீங்களாக விலகினால் இந்த இழப்பீட்டைக் கேட்க வழியில்லை. அடையாள அட்டையில் 'அசிஸ்டென்ட் மேனேஜர்' என்று போட்டிருப்பதைக் காட்டி, இதெல்லாம் தொழிலாளர்களுக்குத்தான், மேனேஜரான உங்களுக்குப் பொருந்தாது என்பார்கள். நாள் முழுக்க ஃபைல் சரிபார்த்து என்ட்ரி போடுவதுதான் வேலை என்றால் பயப்பட வேண்டாம். நீதிமன்றங்கள் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை, செய்யும் வேலையைத்தான் பார்க்கின்றன.

கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, 5 வருடம் ஆகவில்லை என்றும் சொல்லக்கூடும். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே அது உண்டு என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு.

ஹெச்.ஆர். வாயால் சொன்னதை அப்படியே மெயிலாக அவருக்கு அனுப்பி, "எழுத்தில் உறுதி செய்யுங்கள்" என்று கேளுங்கள். நகலை உங்கள் சொந்த மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஏஜென்சியில் சேர விருப்பமே இருந்தாலும், பழைய சர்வீஸ் தொடரும் என்ற வரி ஆஃபர் லெட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்ச்சொல் எதற்கும் உதவாது.

புது ஏஜென்சி ஆட்களுக்கு லாகின் இன்னும் வரவில்லை. என் ஐடியில் அவர்கள் வேலை செய்யட்டும் என்கிறார் மேனேஜர். (கோவை)

கூடவே கூடாது. சொல்லிக்கொடுக்கச் சொன்னால் சொல்லிக்கொடுங்கள்; மறுத்தால் அதையே காரணமாக்கி நடவடிக்கை எடுப்பார்கள். ஆனால் பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் உங்களைத் தாண்டிப் போகக் கூடாது. நாளை ஒரு கடன் கணக்கில் தப்பு நடந்தால், ஆடிட்டில் நிற்பது உங்கள் பெயர்தான். "தற்காலிக லாகின் கேட்டு ஐ.டி. பிரிவுக்கு எழுதட்டுமா?" என்று மேனேஜருக்கு மெயில் போடுங்கள்.

வசூல் ஏஜென்சி ராத்திரி 9 மணிக்கு போன் செய்கிறது. வாடிக்கையாளர்கள் கிளைக்கு வந்து எங்களைத் திட்டுகிறார்கள். "அது ஏஜென்சி விஷயம்" என்கிறது நிர்வாகம். (மதுரை)

அது தப்பான பதில். வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு நிறுவனத்துடையதே என்பது ரிசர்வ் வங்கியின் தெளிவான விதி. காலை 8-க்கு முன்போ இரவு 7-க்குப் பின்போ வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று 2022-லேயே உத்தரவு இருக்கிறது. தேதி, நேரம், அழைத்த எண் மூன்றையும் வாங்கி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். கவுன்டரில் நின்று நீங்கள் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

நான் ஏஜென்சி ஊழியர். சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள், பாஸ்புக்கில் வரவில்லை. (திருச்சி)

சம்பளச் சீட்டையும் பாஸ்புக் பக்கத்தையும் சேர்த்து பி.எஃப். அலுவலகத்தின் இணையதளத்தில் புகார் பதியுங்கள். ஏஜென்சி கட்டாவிட்டால், ஏஜென்சி மூலம் உங்களிடம் வேலை வாங்கும் முதன்மை நிறுவனம்தான் கட்ட வேண்டும். புகாரில் அதன் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.