மைக்கேல் ஏன் வருத்தம் தெரிவிக்கிறான்?

கேள்வி: கேரில் சர்ச்சிலின் ‘எ நம்பர்’ நாடக முடிவில், நகலாக்கத்தில் (குளோனிங்) பிறந்த மைக்கேல் பிளாக், தன் வாழ்க்கை தனக்குப் பிடித்திருப்பதாகக் கூறி, அதற்காக வருத்தமும் தெரிவிக்கிறான். இதை எவ்வாறு பொருள்கொள்வது?

பதில்: முதல் மகனைச் சீராக வளர்க்கத் தவறிய சால்டர், அவனுடைய உயிரணுவிலிருந்து அதே உருவில் இன்னொருவனைப் பெற்று, இம்முறையாவது நல்ல தகப்பனாக இருக்க முயன்றவர், மூத்தவன் இளையவனைக் கொன்று தானும் மாய்ந்தபின், தமக்குத் தெரியாமல் உருவாக்கப்பட்ட நகல்களுள் ஒருவனான மைக்கேலைச் சந்தித்து, அவன் உள்ளத்தின் ஆழத்தைக் காண விழைகிறார். கணித ஆசிரியனான அவனோ மனைவியின் காதுகளைப் பற்றிப் பேசுகிறான்; லெட்டூஸ் கீரையோடுகூட மனிதனுக்கு மரபணு உறவு உண்டென்று பூரிக்கிறான். (அரங்கில் சிரிப்பெழும் இடம் இது.)

அவனை மேலோட்டமானவன் என்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. 2002இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் இந்நாடகம் முதலில் மேடையேறியபோது, மூன்று மகன்களாகவும் டேனியல் கிரேக் ஒருவரே நடித்தார். இறந்த இருவரின் முகத்தோடு நிம்மதியாக ஒருவன் அமர்ந்திருப்பதே தந்தைக்குத் தண்டனையாகிவிடுகிறது. அதை உணர்ந்துதான் அவன் வருந்துகிறான் என்பது என் வாசிப்பு. சால்டரின் கை படாமல் வளர்ந்ததால் அவன் தப்பினானா, அல்லது அது வெறும் தற்செயலா என்பதை மட்டும் சர்ச்சில் சொல்லாமலே விட்டுவிடுகிறார்.