கண்ணாடிக்கு ஒரு சீட்டு

ஐயா,

சென்ற வாரக் கட்டுரையில் மனித உரிமை நீதிமன்றத்தை ‘மாப்பிள்ளை முடிவாகாத கல்யாண மண்டபம்’ என்று எழுதியிருந்தீர்கள். முதலில் சிரித்தேன், அப்புறம் கோபம் வந்தது. எனக்கு ஊர் ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம் பக்கம். சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அம்மா கடலில் மூழ்கிப் பாசி எடுக்கப் போய்த்தான் என்னைப் படிக்க வைக்கிறார். கறுப்பு கோட்டுப் போட்டவரே இப்படி நையாண்டி செய்தால், நாங்கள் எதை நம்பிப் படிப்பது? சட்டத்துக்கும் நீதிக்கும் சம்பந்தமே இல்லையா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

கச்சத்தீவைப் பற்றிக் கேட்காததற்கு முதலில் நன்றி. ராமநாதபுரத்து வக்கீல் அதைத் தொடாமல் ஒரு பக்கம் எழுத முடியும் என்று நிரூபிக்க எனக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

கல்யாண மண்டபக் கதை நான் கட்டியதல்ல. 1993ஆம் ஆண்டு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். மனித உரிமை மீறலால் எழும் குற்றங்களை விசாரிக்க மாவட்டத்துக்கு ஒரு செஷன்ஸ் கோர்ட்டை மனித உரிமை நீதிமன்றமாகக் குறிக்கலாம் என்கிறது. எவையெவை அந்தக் குற்றங்கள் என்று சட்டம் முழுக்கத் தேடினாலும் இல்லை. நான் மூன்று தடவை தேடினேன். மூன்றாவது தடவை கண்ணாடியை மாற்றிக்கொண்டு.

இன்னொன்று, கடல் அட்டை; கடலடியில் ஊரும், வெள்ளரிக்காய் வடிவப் பிராணி. 2001இல் கடல் அட்டையை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்த்தார்கள். கண்மண் தெரியாமல் அள்ளி அட்டை அருகிவிட்டது; காரணம் நியாயம்தான். ஆனால் பிடிபட்டால் குறைந்தது 3 ஆண்டு. கையில் சரக்கு இருந்தால், குற்றமில்லை என்று காட்டவேண்டியது பிடிபட்டவன் பொறுப்பு. நம் ஊரில் அதை யாரும் வாயில் வைப்பதில்லை. அவித்துக் காயவைத்தால் கப்பலேறிப் போகும். அக்கரையில், யாழ்ப்பாணம் பக்கம், லைசென்ஸ் வாங்கிப் பண்ணை வைத்தே வளர்க்கிறார்கள். என் கட்சிக்காரர் ஒருவருக்கு இதையெல்லாம் விளக்கினேன். “புலியக் கொன்னவனுக்கும் இதே தண்டனதானா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது.

இப்படிப்பட்டவற்றைச் சிரிக்காமல் எப்படி எழுதுவது? ஆனால் ஏர்வாடியைப் பற்றி நான் இதுவரை ஒரு நையாண்டி வரிகூட எழுதியதில்லை, கவனித்திருப்பீர்கள். 2001 ஆகஸ்ட் 6, விடிவதற்கு முன் பிடித்த தீ. மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த கொட்டகையில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கிடந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது. வழக்கின் தலைப்பில் 25 பேர் என்று இருக்கிறது. இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று பட்டவர்த்தனமாகச் சொல்லும் சட்டம் 2017இல் வந்தது. நீங்கள் கவனிக்க வேண்டியது அதுவல்ல. தீப்பிடித்த அன்றே 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் ஒன்று இருந்தது. உரிமம் இல்லாமல் நடத்தக்கூடாது, நோயாளியைக் கொடுமைப்படுத்தக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அன்றுவரை போய், “எங்கே உரிமம், காட்டு” என்று கேட்க ஆள் இல்லை. கோர்ட்டுக்கும் ஏர்வாடிக்கும் இடையில் தினமும் பஸ் ஓடியது. நானும் அப்போது வக்கீல்தான்.

அதற்குச் சில வருஷம் கழித்து, உங்கள் அம்மாவைப் போலப் பாசிக்குப் போகிற ஒரு பெண் என் அலுவலகத்துக்கு வந்தார். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, அது இன்னும் காயவில்லை. விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தார். தீவுக்கருகே மூழ்கிக்கொண்டிருந்தபோது வந்தவர்கள் முகக்கண்ணாடி, காலில் கட்டும் தட்டு, பாசி மூட்டை எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்களாம். யார் வந்தார்கள் என்று எழுத மாட்டேன். நான் கேஸ் போட்டு மீட்டுவிடலாம் என்று ஆரம்பித்தேன். அவர் குறுக்கிட்டார்.

“எடுத்துட்டுப் போகட்டும் சார். எடுத்தோம்னு ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லுங்க.”

அந்த வருஷம் முழுக்க நான் கேட்டதிலேயே சரியான சட்டவாதம் அதுதான். பறிமுதல் என்றால் மகஜர் வேண்டும், அதாவது எடுத்ததை எழுதிவைக்கும் பட்டியல். மகஜர் இல்லாவிட்டால் அதற்குப் பெயர் வேறு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன்: இன்ன தேதியில், இன்ன இடத்தில் கைப்பற்றிய பொருட்களின் பட்டியல் தருக. கெடு 30 நாள். 29ஆம் நாள் கையெழுத்து, முத்திரையோடு பதில் வந்தது: ‘மேற்படி தேதியில் பொருள் ஏதும் கைப்பற்றப்படவில்லை.’

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கைப்பற்றவில்லை என்றால் திருட்டு. அந்தப் பதிலையே இணைத்துத் திருட்டுப் புகார் எழுதி, நகலை அதே அலுவலகத்துக்கும் அனுப்பினேன். நாலாம் நாள் காலையில் அவர் குடிசை வாசலில் ஒரு சாக்கு கிடந்தது. உள்ளே தட்டு, கண்ணாடி. பாசி மட்டும் இல்லை. கொண்டுவந்து போட்டது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நியாயம் கிடைத்ததா என்று கேட்டால் என்ன சொல்வது? யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யார் மேலும் நடவடிக்கை இல்லை. அவர் சாக்கோடு மறுபடியும் வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“தட்டு என்னோடதுதான். இந்தக் கண்ணாடி என்னோடது இல்ல சார். என்னோடதுல வாரு பச்சை. இது வேற யாரோ ஒருத்தியோடது. அவளும் ஒங்ககிட்ட வந்தாளா?”

வரவில்லை என்றேன். சின்னப்பாலம், தெற்குவாடி என்று ஒவ்வொரு ஊராக விசாரித்து அந்தக் கண்ணாடிக்காரியைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அவர் அதைப் போட்டுக்கொண்டு கடலில் இறங்கவில்லை.