முருங்கையா, அகத்தியா? கொல்லையில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

கேள்வி: வீட்டுக் கொல்லையில் பத்தடிக்குப் பத்தடி இடம் காலியாக இருக்கிறது. பின்னால் வயல் வாய்க்கால். ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து நாள் தண்ணீர் நிற்கும். முருங்கைக் கன்று கேட்டால் நர்சரியில் 'ஒட்டு முருங்கை' என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களோ அகத்தி போதும் என்கிறார்கள். எதை வாங்கலாம்? (நீடாமங்கலம் வாசகர்)

பதில்: நாலைந்து நாள் தண்ணீர் நிற்கும் என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை வந்துவிட்டது. முருங்கை வறட்சியைத் தாங்கும், வேரில் தண்ணீர் தேங்குவதைத் தாங்காது. டெல்டாவின் களிமண்ணில் மழைநீர் கீழே இறங்க இடமில்லாமல் நிற்கும்போது முதலில் அடியிலைகள் மஞ்சளாகி உதிரும். பிறகு சதைப்பற்றான வேர் அழுகும். வெளியே மரம் நிற்பது போலவே தெரியும், ஒரு காற்றில் சாய்ந்த பிறகுதான் உள்ளே ஒன்றுமில்லை என்பது புரியும். அகத்திக்கு இந்தத் தொல்லை குறைவு. ஈரமான படுகை மண்ணில், தண்ணீர் வந்து வடியும் இடத்திலும் வளரும். கும்பகோணம், திருவையாறு பக்கத்துக் கொடிக்கால்களில் வெற்றிலைக் கொடி ஏறுவதற்கு அகத்தியை விதைப்பதும் அதனால்தான். நாள்தோறும் ஈரம் கேட்கும் வெற்றிலைக்குப் பக்கத்தில் முருங்கை நின்று பிழைக்காது.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். நடப்போகும் இடத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி மாலையில் தண்ணீர் நிரப்புங்கள். முதல் தடவை மண் குடித்துவிடும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மறுபடி நிரப்பி விட்டு விடியற்காலையில் பாருங்கள். குழி காலியாக இருந்தால் முருங்கை வைக்கலாம். பாதித் தண்ணீர் அப்படியே நின்றால் அகத்தி. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் செய்தால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம் உண்டு. சித்திரையில் எந்தக் கொல்லையும் நல்ல கொல்லையாகத்தான் தெரியும்.

தண்ணீர் நின்றாலும் முருங்கைதான் வேண்டும் என்றால் மேடு போட வேண்டும். நாலடி அகலம், இரண்டடி உயரம். கொல்லை மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்ட் போதும், ஆனால் சல்லடையில் சலித்து மாவுத்தூளை நீக்கிவிடுங்கள். அந்தத் தூள் களிமண்ணோடு சேர்ந்தால் சிமெண்டு போல இறுகும். மேட்டின் நடுவில் ஒன்றரை அடிக் குழி எடுத்து நடுங்கள். வடிகால் சரிவு வாய்க்கால் பக்கம் இருக்கட்டும்.

எப்போது நடுவது என்பதில் இங்கே பலரும் தவறுகிறார்கள். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கமான கணக்கு, வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதும் அதையொட்டித்தான். ஆடியில் நட்ட கன்று மூன்று மாதக் குழந்தையாக இருக்கும்போதே வடகிழக்கு மழையில் மாட்டும். மாசியில் நட்டால் மழைக்கு முன் எட்டு மாதம் கிடைக்கிறது. விதையில் வளரும் செடி முருங்கை ஐந்தாறு மாதத்தில் பூக்கும். புரட்டாசி வாக்கில் கொஞ்சம் காய் பார்க்கலாம், நல்ல காய்ப்பு அடுத்த பங்குனி, சித்திரையில்தான்.

இனி அந்த 'ஒட்டு' விஷயம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம் 1 போன்ற செடி முருங்கை விதையில் வளர்வது. அதற்கு ஒட்டு தேவையில்லை, அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். யாழ்ப்பாண முருங்கை போன்ற மர வகைகளை மூன்று நாலடி நீளப் போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி நடுவார்கள். தெரிந்த மரத்திலிருந்து போத்து கிடைத்தால் அதைவிட நம்பகமான கன்று கடையில் கிடையாது: தாய் மரத்துக் காயின் ருசி அப்படியே வரும். விதைக்கு அந்த உத்தரவாதம் இல்லை. முருங்கையில் அயல் மகரந்தச் சேர்க்கை அதிகம் என்பதால், பக்கத்து வீட்டுப் பி.கே.எம் மரத்து விதை பி.கே.எம் ஆகவே முளைக்கும் என்று சொல்ல முடியாது.

கன்றுப் பையில் பார்க்க வேண்டியது உயரத்தை அல்ல. முக்கால் அடியிலிருந்து ஒரு அடி போதும். மூன்றடி வளர்ந்து பென்சில் போல ஒல்லியாக நிற்பது பையிலேயே கிழடானது. பையின் அடியை அழுத்திப் பாருங்கள்: ஆணிவேர் முள்ளங்கி போலப் பருத்துச் சுருண்டு கிடந்தால் வேண்டாம். அது மண்ணில் இறங்காது, பிற்பாடு காற்றில் சாயும். கும்பகோணம் அருகே மருதாநல்லூரிலும் மன்னார்குடி அருகே மூவாநல்லூரிலும் அரசு தோட்டக்கலைப் பண்ணைகள் உண்டு. தனியார் கடைக்குப் போகும் முன் அங்கே இருப்பு கேளுங்கள்.

நட்ட பிறகு செடி இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளாவிட்டால் ஒற்றைக் கம்பாக மேலே போய், காய் பறிக்க ஏணி தேட வேண்டியிருக்கும். முருங்கைக் கிளையில் ஏணி சாய்த்தால் என்ன ஆகும் என்பது ஊரறிந்தது. மூன்றாம் மாதம் யூரியா 100 கிராம், சூப்பர் பாஸ்பேட் 100 கிராம், பொட்டாஷ் 50 கிராம். ஆறாம் மாதம் யூரியா மட்டும் 100 கிராம். இலைக்காக மட்டும் வளர்ப்பவர் தொழுவுரத்தோடு நிறுத்தலாம். காய்ப்பு ஓய்ந்ததும் மூன்றடி உயரத்தில் சரிவாக வெட்டி விட்டால் மறுபடி துளிர்க்கும். தட்டையாக வெட்டினால் மழைநீர் தங்கி வெட்டுவாய் அழுகும்.

மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வரும், இதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள். பகலில் அடிமரத்தில் கூட்டமாக அப்பிக்கிடக்கும், இரவில் இலையைத் தின்னும். கூட்டமாக இருக்கும் பகல் நேரத்தில் தீப்பந்தத்தை மேலோட்டமாகக் காட்டினால் உதிர்ந்துவிடும், பட்டை கருக விடக்கூடாது. தெளிப்பதானால் மீன் எண்ணெய் ரோசின் சோப்பு லிட்டருக்கு 25 கிராம். படுக்கையறை ஜன்னல், துணிக்கொடி, கிணற்றடி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் முருங்கை வேண்டாம்.

கேள்வி: அகத்தி விதை என்று வாங்கி விதைத்தேன். இலை சிறியதாக இருக்கிறது, பூ மஞ்சளாகப் பூக்கிறது. என்ன கோளாறு? (பாபநாசம் வாசகர்)

பதில்: கோளாறு மண்ணில் இல்லை, விதையில். உங்களிடம் இருப்பது செம்பை. சிற்றகத்தி என்றும் சொல்வார்கள். பூவைப் பார்த்தால் சந்தேகம் தீரும்: அகத்திப் பூ விரல் நீளத்துக்கு வளைந்து, வெள்ளையாகவோ சிவப்பாகவோ இருக்கும். செம்பைப் பூ சின்னது, மஞ்சள். விதையிலும் வித்தியாசம் தெரியும். அகத்தி விதை பெரியது, தட்டையானது, கரும்பழுப்பு. அதோடு கலந்து வரக்கூடியது வயலில் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் தக்கைப்பூண்டு; அந்த விதை சிறியது, உருளையானது. ஒரு பிடியைத் தட்டில் கொட்டிப் பார்த்தால் கலப்படம் கண்ணிலேயே பிடிபடும்.

சரியான விதை கிடைத்ததும் இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் குழிக்கு மூன்று விதை போட்டு, நன்றாக வந்ததை மட்டும் விட்டு மற்றதைப் பிடுங்குங்கள். அகத்திக்கு நாற்று வாங்குவது வீண் செலவு, இருந்த இடத்தில் விதைத்தால்தான் ஆணிவேர் நேராக இறங்கும். மூன்றடி இடைவெளி போதும், ஆகவே முருங்கை ஒன்று நிற்கும் இடத்தில் அகத்தி நாலைந்து நிற்கும். யூரியா வேண்டாம். பயறு வகை போலவே அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும். ஒரு முடிச்சை நசுக்கிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்.

முதல் வெட்டு எட்டாம் மாதம், பிறகு அறுபது எழுபது நாளுக்கு ஒருமுறை. முருங்கையை வெட்டுவது போல மொட்டையடித்தால் அகத்தி செத்துவிடும். பக்கக் கிளைகளை மட்டும் கழித்து, உச்சியில் தழை விட வேண்டும். ஐப்பசிக்கு முன் மேல்பாரத்தைக் குறையுங்கள், மெல்லிய மரம், காற்றில் முறியும். தண்டில் துளையும் மரத்தூளும் தெரிந்தால் புழு உள்ளே இருக்கிறது. அந்தக் கிளையைத் துளைக்குக் கீழே வெட்டி எரித்துவிடுங்கள். எப்படிப் பார்த்தாலும் சில வருடமே நிற்கும் மரம், இரண்டாம் வருடமே பக்கத்தில் அடுத்த விதையைப் போட்டு வைப்பது நல்லது.

கேள்வி: பாக்கெட் முருங்கை விதை இருபது போட்டதில் இரண்டுதான் முளைத்தது. கடைக்காரர் 'மண் சரியில்லை' என்கிறார். (வலங்கைமான் வாசகர்)

பதில்: முருங்கை விதை வைத்திருக்க வைத்திருக்க முளைப்பு குறையும். புதிய விதை எட்டிலிருந்து பன்னிரண்டு நாளில் முளைக்கும். பாக்கெட்டில் ரகம், குவியல் எண், முளைப்புத்திறன் சதவீதம், பரிசோதித்த நாள், காலாவதி நாள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை இல்லாத பாக்கெட்டை வாங்கவே கூடாது. இருந்து, காலாவதி ஆகாமல் இருந்தால், மிச்ச விதையில் பத்தை ஈரச் சாக்குத் துணியில் சுருட்டி வையுங்கள். அங்கேயும் முளைக்கவில்லை என்றால் மண்ணைக் குறை சொல்ல முடியாது.

எல்லா விதையையும் மண்ணில் போட்டுவிட்டால் ஆதாரம் போய்விடும். பாக்கெட்டோடு கொஞ்சம் விதையையும் ரசீதையும் எடுத்து வைத்து, மாவட்ட விதை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்திருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு வருடத்துக்குள். இருபது விதைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது உங்கள் விருப்பம், ஆனால் விதை ஆய்வாளருக்கு எழுதும் ஒரு கடிதத்துக்கே பல கடைகளில் பணம் திரும்பிவிடும்.

கேள்வி: கீரைக்காக மட்டும் என்றால் எது நல்லது? (திருவாரூர் வாசகர்)

பதில்: வாரம் இரண்டு முறை சமைக்க முருங்கை. அடை, கூட்டு, பொரியல், சூப் எதிலும் சேரும், காயும் பூவும் மேல்வரவு. அகத்தி கசக்கும், துவாதசிக்கும் மாட்டுக்கும் என்று ஒதுங்கிவிட்டது. ஆனால் சுண்ணாம்புச் சத்தில் முருங்கையைவிட இரண்டரை மடங்குக்கு மேல். அரிசி களைந்த தண்ணீரில் சின்ன வெங்காயத்தோடு வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டால் கசப்பு அடங்கும். பூவைச் சமைக்கும்போது நடுவிலுள்ள நரம்பைக் கிள்ளி எறியுங்கள், கசப்பில் பெரும்பங்கு அங்கேதான். முற்றிய அகத்திக்காய் சமையலுக்கு உதவாது. அகத்தி மருந்தை முறிக்கும் என்பது சித்த மருத்துவர்கள் சொல்வது, தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர் தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பொடியாக வாங்குபவர்களுக்கு: ஐந்து கிலோ பச்சை முருங்கையிலை காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான் தேறும். இலை விலையை இந்தக் கணக்கில் பெருக்கிப் பாருங்கள். அதற்கும் கீழே விற்கும் பொடியில் காம்பு அரைபட்டிருக்கும். நிழலில் காய்ந்தது பச்சையாக இருக்கும், வெயிலில் காய்ந்தது பழுப்பாகும். உறையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லாவிட்டால் திருப்பிக் கொடுங்கள். 'சர்க்கரை நோய் குணமாகும்' என்று அச்சடித்திருந்தாலும் அப்படியே.