1930-களின் சுகாதார அறிக்கையை எப்படிப் படிப்பது?

கேள்வி: லண்டனுக்கு வடமேற்கே ஹாரோவில் வசிக்கிறேன். எங்கள் வட்டாரத்தின் பழைய நாட்களைப் பற்றி நூலகத்தில் சிறிய கண்காட்சி ஒன்று வைக்கப்போகிறோம். 1930-களில் இங்கிருந்த நகர மாவட்ட மன்றத்துக்கு அதன் சுகாதார அதிகாரி எழுதிய ஆண்டறிக்கைகள் இணையத்தில் கிடைத்தன. இறப்பு விகிதம் நாட்டுச் சராசரியைவிட நன்றாகவே குறைவு. "அன்றைக்கே ஆரோக்கியமான ஊர்" என்று பலகையில் எழுதிவிடலாமா? கழிப்பறை, பால், தொற்றுநோய் என்று வரும் அட்டவணைகளை எப்படிப் புரிந்துகொள்வது? – ஒரு வாசகி

பதில்: அப்படி எழுதிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். அந்த இறப்பு விகிதம் ஊரின் ஆரோக்கியத்தைவிட, ஊரில் யார் குடியிருந்தார்கள் என்பதைத்தான் அதிகம் சொல்கிறது.

அன்று இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் இறப்பு விகிதம் ஆயிரம் பேருக்கு 12 என்ற அளவில் இருந்தது. ஓர் ஆண்டில் இறந்தவர்களை மக்கள்தொகையால் வகுத்த கணக்கு அது, வயது அதில் வராது. மெட்ரோபாலிட்டன் ரயில் பாதையை ஒட்டி வயல்கள் வீடுகளாக மாறிக்கொண்டிருந்த காலத்து ஹாரோவை நினைத்துப் பாருங்கள். கடன் வாங்கிப் புது வீடு வாங்கியவர்கள் பெரும்பாலும் இளம் குடும்பங்கள். அவர்களுடைய வயதான பெற்றோர் வேறு ஊர்களில் இருந்தார்கள், அங்கேயே இறந்தார்கள். இளைஞர்கள் நிறைந்த ஊரில் சாவு குறைவாக இருப்பதில் வியப்பில்லை. இதைச் சரிசெய்ய 1930-களின் நடுவிலிருந்து, நாட்டின் பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்குத் தலைமை அதிகாரியான பதிவாளர் நாயகம் ஒவ்வொரு ஊருக்கும் ஓர் ஒப்பீட்டுக் காரணி கொடுத்தார். உதாரணத்துக்கு, விகிதம் 8.5, காரணி 1.2 என்றால் பெருக்கி வரும் 10.2-ஐத்தான் நாட்டுச் சராசரியோடு வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் அறிக்கையில் அந்தக் காரணி எங்கே அச்சாகியிருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.

இன்னொரு சிக்கல் எல்லை. ஹாரோ நகர மாவட்டம் 1934-இல்தான் உருவானது. ஹாரோ-ஆன்-தி-ஹில், வீல்ட்ஸ்டோன் என்ற இரண்டு நகர மாவட்டங்களும் ஸ்டேன்மோர் முதலிய கிராமங்கள் அடங்கிய ஹென்டன் ஊரக மாவட்டமும் அதில் சேர்ந்தன. ஆகவே 1932-இன் எண்ணையும் 1936-இன் எண்ணையும் ஒரே கோட்டில் வரையக் கூடாது, அவை வேறு வேறு ஊர்கள். மக்கள்தொகையும் 1931 கணக்கெடுப்புக்குப் பிறகு வெறும் மதிப்பீடுதான். போர் காரணமாக 1941-இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. வேகமாக வளரும் ஊரில் மதிப்பீடு பின்தங்கினால் விகிதங்கள் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

சரி, எதை நம்பலாம்? குழந்தை இறப்பு விகிதத்தை. பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதே கணக்கு, அதனால் ஊரின் வயது அமைப்பு இங்கே குழப்பாது. நாடு முழுவதற்கும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 150 அளவில் இருந்தது, 1921-இல் 83, 1931-இல் 66, 1938-இல் 53 என்று இறங்கியது. ஆனால் சிறிய ஊர் என்றால் கவனம். ஆண்டுக்கு 250 பிறப்பு உள்ள இடத்தில் ஒரே ஒரு குழந்தை கூடுதலாக இறந்தாலும் விகிதம் 4 ஏறிவிடும். ஐந்தாண்டு சராசரி எடுப்பது நல்லது.

அதற்கு அடுத்து வரும் தாய் இறப்புப் பக்கத்தை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போய்விடாதீர்கள். குழந்தைகள் பிழைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் தாய்மார் ஆயிரம் பிரசவத்துக்கு நாலு பேர் என்ற கணக்கில் இறந்துகொண்டேயிருந்தார்கள். 1930-களின் நடுப்பகுதி வரை அது குறையவே இல்லை. வசதியான வீட்டுப் பெண்களுக்கும் இதில் பாதுகாப்பு இருக்கவில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் தொற்றுக் காய்ச்சல் வீட்டு வாசலைப் பார்த்து வருவதில்லை, பிரசவம் பார்ப்பவரின் கையோடும் கருவியோடும் வரும். 1936-இல் இரண்டு மாற்றங்கள் நடந்தன. சல்ஃபா வகை மருந்து பிரசவக் காய்ச்சலுக்குப் பலன் தருவதை லண்டன் குயீன் ஷார்லட்ஸ் மருத்துவமனையில் லெனர்ட் கோல்புரூக் குழுவினர் காட்டினார்கள். மருத்துவச்சிகளுக்கு மாதச் சம்பளம் கொடுத்து வேலையில் வைக்க வகைசெய்யும் சட்டமும் வந்தது. 1935-ஐயும் 1939-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கழிப்பறை அட்டவணை பார்க்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் விஷயம் அதிகம். வகைவகையாக எண்ணியிருப்பார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறை ஒன்று. அடியில் வாளி வைத்து ஆள் வந்து எடுத்துப்போகும் கழிப்பறை, அதாவது நம் ஊர்களில் வாளிக் கக்கூஸ், எடுப்புக் கக்கூஸ் என்பது, இன்னொன்று. மலமும் அடுப்புச் சாம்பலும் ஒரே குழியில் சேருவது மூன்றாவது. அப்புறம் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வீடுகளின் கழிவுநீர்க் குழிகள். இவற்றில் "மாற்றப்பட்டவை" என்ற வரிதான் முக்கியம். அந்த ஆண்டில் எத்தனை வாளிகள் தண்ணீர்க் கழிப்பறையாயின என்பதைச் சொல்லும் வரி அது. ஆண்டுக்கு நாலைந்துதான் என்றால் மன்றம் அதை அவசரமாகக் கருதவில்லை என்று அர்த்தம். காசு இல்லையா, மனம் இல்லையா என்று தெரிய முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். "ஒரு பென்னி வரியால் வரும் தொகை" என்று அங்கே ஓர் எண் இருக்கும். சொத்தின் வரி மதிப்பில் ஒரு பவுண்டுக்கு ஒரு பென்னி வீதம் வசூலித்தால் ஊர் முழுவதும் எவ்வளவு சேரும் என்பதே அது. ஊரின் செலவு செய்யும் வலு அந்த ஒற்றை எண்ணில் அடங்கியிருக்கிறது.

குடிநீர்ப் பகுதியில் "தரமும் அளவும் திருப்திகரம்" என்ற வாக்கியம் ஆண்டுதோறும் அச்சாகியிருக்கும். அதை ஏன் அப்படியே ஏற்கக் கூடாது என்பதற்கு, இன்று நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் க்ராய்டன்தான் சாட்சி. 1937 இலையுதிர்காலத்தில் அங்கே அடிங்டன் கிணற்றில் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. கிணற்றுக்குள் இறங்கிய தொழிலாளர்களில் ஒருவர் டைஃபாய்டு கிருமியைத் தமக்கே தெரியாமல் உடலில் சுமந்தவர். வேலை நடந்த அதே நாட்களில் வடிகட்டலும் குளோரின் கலப்பதும் நிறுத்தப்பட்டிருந்தன, தண்ணீர் மட்டும் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. 341 பேருக்கு நோய் வந்தது, 43 பேர் இறந்தார்கள். கிணற்றில் வேலை நடப்பதே சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பது பின்னால் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. பொறியாளர் ஓர் அறையிலும் மருத்துவர் இன்னோர் அறையிலும் இருந்தார்கள், நடுவில் ஒரு தகவல் போகவில்லை. எனக்கு இன்றும் ஆற்றாமை தரும் மரணங்கள் அவை. உங்கள் அறிக்கையில் எத்தனை தண்ணீர் மாதிரிகள் சோதிக்கப்பட்டன, குளோரின் யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

பால் அட்டவணையில் ஒரு பொறி உண்டு. 1923-இலிருந்து 1936 வரை "கிரேடு ஏ" என்ற முத்திரை மட்டும் இருந்தால் மாடுகளுக்குக் காசநோய்ச் சோதனை நடந்தது என்று பொருளல்ல. சோதித்த மாட்டின் பாலுக்குத் தனி முத்திரை இருந்தது. பாஸ்சரைஸ் செய்த பால் என்றால் சுமார் 63 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கியது.

தொற்றுநோயில் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) வரியை எடுங்கள். 1930-களில் நாடு முழுவதும் ஆண்டுக்கு 3,000 அளவில் அதனால் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். தடுப்பூசி கையில் இருந்தும் நாடு தழுவிய இயக்கம் 1940-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் போடுவதும் போடாததும் அந்தந்த மன்றத்தின் விருப்பம். உங்கள் மன்றம் போட்டதா? இதை அவசியம் பலகையில் வையுங்கள்.

வீட்டுவசதிப் பகுதிக்கு ஓர் எச்சரிக்கை. ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் என்ற வடகிழக்கு ஊரில் 1927-இல் சேரிக் குடும்பங்கள் பலவற்றைப் புது வீடுகளுக்கு மாற்றினார்கள். அங்கே சுகாதார அதிகாரியாக இருந்த ஜார்ஜ் மக்கானிகல் அடுத்த ஐந்தாண்டு கணக்கைப் பார்த்தார். புது வீட்டுக்காரர்களின் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 23 அளவிலிருந்து 33-க்கு மேல் ஏறியிருந்தது. வாடகை ஏறக்குறைய இரட்டிப்பானதால் சாப்பாட்டுக்குக் காசு போதவில்லை என்பதே அவர் கண்ட காரணம். ஆக, "இத்தனை வீடுகள் இடிக்கப்பட்டன" என்ற வரியை மட்டும் வைத்து முன்னேற்றம் என்று எழுத வேண்டாம், வாடகையையும் தேடுங்கள்.

உங்கள் பலகைக்கு 1934 முதல் 1939 வரையிலான குழந்தை இறப்பு, தாய் இறப்பு வரிகளை நாட்டு எண்களோடு போடுங்கள், இறப்பு விகிதம் போட்டால் காரணியோடு போடுங்கள். இடம் மிஞ்சினால் 1935 வீட்டுவசதிச் சட்டத்தின்படி எடுத்த, வீடுகளில் ஆள் நெரிசல் பற்றிய கணக்கைச் சேர்க்கலாம். ஆனால் அந்தச் சட்டம் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை எண்ணவே இல்லை, பத்து வயதுக்குட்பட்டவரை அரை ஆளாக எண்ணியது, உட்காரும் அறையையும் படுக்கும் அறையாகக் கணக்கில் கொண்டது. இதைப் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். அறிக்கையில் விட்டுப்போன சண்டைகளெல்லாம் மன்றத்தின் சுகாதாரக் குழுக் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கும். உள்ளூர் வரலாற்றுச் சேகரிப்பில் ஆண்டைச் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.