நிறம் காணாது

இந்த முறை வந்த கடிதங்களில் நாலு, வேறு வேறு ஊரில் இருந்து வேறு வேறு வயதுக்காரர் எழுதியவை, ஆனால் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஊரைத் தவிர வேறு அடையாளம் எதையும் போடவில்லை.

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது, அரசாங்க வேலை. கனடாவில் இருக்கும் ஒருவருக்குப் பேசினார்கள். குறிப்புப் பொருந்தியது, வட்ஸ்அப் வீடியோவில் கதைத்தோம், அவருக்கும் பிடித்துக்கொண்டது என்றுதான் நினைத்தேன். பிறகு அவருடைய அக்கா லீவில் வந்தபோது நல்லூர்த் திருவிழாவில் வைத்து என்னைப் பார்த்தார். இரண்டு நாள் கழித்துத் தரகர் அம்மாவுக்குப் போன் எடுத்து, "பிள்ளை குணமான பிள்ளையாம், நிறந்தான் காணாதாம், டொனேஷனைக் கொஞ்சம் கூட்டிப் பேசினால் யோசிக்கலாமாம்" என்றாராம். அம்மா அன்று பின்னேரமே ஒரு பார்லரில் சின்ன டப்பாவில் கிறீம் வாங்கி வந்துவிட்டார். முதல் இரண்டு கிழமை முகம் பளிச்சென்று இருந்தது, பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். இப்போது மூன்றாவது மாதம். ஒரு நாள் பூசாவிட்டால் கன்னம் சிவந்து எரிகிறது, வெயிலில் நிற்க முடியவில்லை, மெல்லிய மயிரும் முளைக்கிறது. கலியாணம் சரிவரும்வரை பூசு என்கிறார் அம்மா. என்ன செய்வது? (கொக்குவில்)

பதில்: தங்கச்சி, மாப்பிள்ளை வீட்டுக் கதையைப் பிறகு பார்ப்போம், முதலில் உங்கள் முகம்.

பூசினால் பளிச்சென்று இருப்பது, ஒரு நாள் விட்டால் சிவந்து எரிவது, வெயில் தாங்காமை, கன்னத்தில் மயிர், இவையெல்லாம் ஸ்டீரொய்ட் கலந்த கிறீமை நெடுநாள் முகத்தில் பூசியவர்களுக்கு வருகிற அறிகுறிகள். பீற்றாமெத்தசோன், குளோபெற்றசோல் என்று அவற்றுக்குப் பெயர்கள். கரப்பன் மாதிரியான தோல் வருத்தங்களுக்கு டொக்டர்மார் இத்தனை நாளைக்கு என்று கணக்காக எழுதிக் கொடுக்கும் மருந்துகள் அவை. அதையே மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, உள்ளே இருக்கும் சின்ன இரத்தக் குழாய்கள் வெளியே தெரியத் தொடங்கும். விட்டால் எரிகிறதே, அப்போ கிறீம் பூசினால்தான் நல்லது போல என்று நினைத்துப் பலர் திரும்பவும் பூசுகிறார்கள், ஆனால் அந்த எரிவை உண்டாக்கியதே கிறீம்தான். ஆகவே தோல் டொக்டரிடம் போங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காட்டுவதற்குக் காசு தேவையில்லை. போகும்போது அந்த டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு "சும்மா வந்தது டொக்டர்" என்று சொல்லிவிடாமல் எப்போது தொடங்கியது, நாளைக்கு எத்தனை தரம் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள், எப்படி நிறுத்துவது என்பதை அவர் சொல்வார்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். நிறம் வெளுக்க என்று விற்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் கலக்கிறார்கள். தோலில் நிறத்தைத் தருகிற மெலனின் உண்டாவதைப் பாதரசம் தடுக்கும், அதனால்தான் வெளுக்கிறது. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை, உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும், கர்ப்பிணியாக இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களை 2025 உடன் முற்றாக நிறுத்துவதென்று, பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்த வந்த மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2023 இல் முடிவெடுத்தன, இலங்கையும் அந்த உடன்படிக்கையில் ஒரு நாடு. டப்பாவில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற விபரமோ, செய்த கம்பனியின் விலாசமோ இல்லாவிட்டால் அதைத் தொடாதீர்கள். "தங்கம், வெள்ளி நகைகளில் படவிட வேண்டாம்" என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம், ஏனென்றால் பாதரசம் தங்கத்தோடும் வெள்ளியோடும் கலந்து ஒட்டிக்கொள்ளும் சாமான். நகைக்குப் பழுது வரும் என்று எழுதியிருப்பதைப் பிள்ளையின் கன்னத்தில் எப்படிப் பூசுவது?

சட்டையின் கைக்குள்ளே, மேல்கையின் உட்பக்கத்தை ஒருக்காப் பாருங்கள். வெயில் படாத அந்த இடத்தின் நிறந்தான் உங்கள் நிறம். அதைத் தாண்டி வெளுக்க வைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் தோலைக் கெடுத்துத்தான் அதைச் செய்யப்போகிறார்.

சரி, இனி மாப்பிள்ளை வீடு. "நிறம் காணாது" என்று எங்களுடைய ஆட்கள் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறோம் பாருங்கள். கறிக்கு உப்புக் காணாது, கிணற்றில் தண்ணி காணாது, வீட்டுக்குக் கூரை போடக் காசு காணாது, இந்த வரிசையில் பிள்ளைக்கு நிறம் காணாது. காணாது என்று சொன்னவுடனேயே, எங்கேயோ ஒரு அளவு இருக்கிறது, பிள்ளை அதற்குக் குறைவு, அந்தக் குறையை எதையாவது போட்டு நிரப்ப வேண்டும் என்று ஆகிவிடுகிறது. அதைத்தான் டொனேஷனைக் கூட்டு என்று கேட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத் தமிழருக்கென்று இருக்கும் தேசவழமைச் சட்டத்தில் சீதனம் என்பது பெண்ணின் பெயரில் பெண்ணுக்குக் கொடுக்கும் சொத்து. மாப்பிள்ளை வீட்டின் கைக்குப் போகும் டொனேஷன் அப்படியானதல்ல, அதிலும் நிறத்துக்கென்று ஒரு தொகையைக் கூட்டிக் கேட்பவர்கள் உங்கள் பெற்றோரிடம் தண்டம் கேட்கிறார்கள். கொடுத்தாலும் தீராது. நாளைக்குப் பிள்ளை பிறந்தால் "தாயின் நிறம்" என்பார்கள், அதற்கும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

அந்தப் பொடியனிடம் நேரடியாகக் கேளுங்கள். வீடியோவில் கதைத்த ஆள்தானே, போன் நம்பர் இருக்கிறதுதானே. "உங்கள் அக்கா இப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறா, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேளுங்கள். தெரியாது, நான் கதைக்கிறேன் என்று சொல்லி உண்மையாகவே கதைத்தால் யோசிக்கலாம். வீட்டு ஆட்கள் சொன்னால் நான் என்ன செய்ய என்று இழுத்தால் விட்டுவிடுங்கள். அம்மாவோடு கோபிக்க வேண்டாம். அவருக்கு வேறு வழி தெரியவில்லை, பயந்துபோய்ச் செய்திருக்கிறார். இந்தியாவில் 1975 இல் வந்து எங்கள் வீடுகளுக்குள்ளும் நுழைந்த பேர்போன கிறீம் ஒன்று, 2020 இல் தன் பெயரில் இருந்த "ஃபெயர்" என்ற சொல்லை எடுத்துவிட்டது. 45 வருடம் அந்தச் சொல்லைப் பார்த்து வளர்ந்த தாய்மார் இவர்கள்.

கேள்வி: நான் 31 வயது ஆண். கூட வேலை செய்யும் ஒருவரை விரும்புகிறேன், அவருக்கும் விருப்பம். வீட்டில் சொன்னபோது அம்மாவும் அக்காவும் படத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல பிள்ளைதான், ஆனா மொத்தம், சோடிப் பொருத்தம் இல்லை" என்கிறார்கள். கலியாண எழுத்துக்கு முதல் கொஞ்சம் மெலியச் சொல்லி அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்லலாம்? (பருத்தித்துறை)

பதில்: சொல்லக் கூடாது தம்பி. மனம் நோகாமல் சொல்ல வழியே இல்லை. எப்படிச் சொன்னாலும் அவருக்குக் கேட்கப்போவது ஒன்றுதான்: உன்னைப் பிடிக்கும், ஆனால் எங்கள் வீட்டுக் கண்ணுக்கு நீ காணாது. மெலிந்து வந்து நின்றாலும் அந்த வசனம் அவரைவிட்டுப் போகாது, ஒவ்வொரு சாப்பாட்டுக் கோப்பையிலும் அது இருக்கும். உங்கள் கடிதத்தில் அவருடைய உடம்பு மூன்று இடத்தில் வருகிறது, உங்களுடைய உடம்பு ஒரு இடத்திலும் இல்லை. உங்களை யாரும் அப்படிப் பார்க்கவில்லை, அதனால் உங்களுக்கு எழுதவும் தோன்றவில்லை. நீங்கள் கதைக்க வேண்டிய ஆட்கள் அம்மாவும் அக்காவும். "எனக்கு இவரைத்தான் பிடித்திருக்கிறது, இனி இவருடைய உடம்பைப் பற்றி இந்த வீட்டில் ஒருவரும் கதைக்கக் கூடாது" என்று ஒரு தரம் தெளிவாகச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முதலே சொல்லிவிடுங்கள், வந்த பிறகு சமாளிக்கலாம் என்று இருந்தால் அடி முழுவதும் அவருக்குத்தான்.

கேள்வி: பெண்ணின் அழகைப் பாடியது எங்கள் இலக்கியம். வடிவை வடிவு என்று சொல்வதில் என்ன பிழை? வெள்ளையை விரும்புவதும் ஒரு இரசனைதானே, இதைப் பெரிதுபடுத்துகிறீர்கள். (மானிப்பாய்)

பதில்: இலக்கியத்தை நீங்களே எடுத்ததால் அதிலேயே சொல்கிறேன் ஐயா. சங்கப் பாடல்களில் பெண்ணின் நிறத்தைப் புகழ வருகிற சொல் மாமை. மாந்தளிரின் நிறம் என்பார்கள், வெளிர் பச்சையாக இல்லாமல், சிவப்பும் கறுப்பும் கலந்த மினுக்கத்தோடு மாமரத்தில் புதிதாக விரிகிறதே, அந்த இலை. சித்திரையில் எந்த வளவிலும் பார்க்கலாம். தலைவன் பிரிந்தால் அவள் கவலைப்படுவது அந்த மாமை போய்விடுகிறதே என்றுதான். மாமை போய் அந்த இடத்தில் வெளிறிப் படர்வதற்குப் பெயர் பசலை. அது நோய். திருக்குறளில் அதைச் சொல்வதற்கென்றே "பசப்புறுபருவரல்" என்று ஒரு அதிகாரம், 119 ஆவது. ஆகவே வெளிறினால் வடிவு என்ற இரசனை அந்தப் பாட்டுகளில் இருந்து வந்ததல்ல. வடிவை வடிவென்று சொல்லுங்கள், எனக்கும் வடிவான முகத்தைப் பார்த்தால் சந்தோஷந்தான். அந்த வடிவை வைத்துச் சம்பந்தத்துக்கு விலை பேசுவதும், வேலைக்கு எடுப்பதும் விடுவதும், மேடையில் ஏற்றுவதும் இறக்குவதுமாக வரும்போதுதான் எனக்குக் கதை வருகிறது.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பெரிய பிள்ளையானதற்குச் சாமத்திய வீடு பெரிதாகச் செய்தோம். அல்பம் வந்தது. பிள்ளை பொதுநிறம், அல்பத்தில் ஒரே வெள்ளை. மற்றவர்கள் நல்ல வடிவாக வந்திருக்கு என்கிறார்கள், இவள் ஒருக்காப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள், பிறகு தொடவேயில்லை. கேட்டால் "அது நானில்லை" என்கிறாள். நான் காசு கொடுத்துச் செய்தது அவளுடைய சந்தோஷத்துக்குத்தானே. (சாவகச்சேரி)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இப்படிப்பட்ட அல்பங்கள் சிலவற்றை நானும் பார்த்திருக்கிறேன். முகத்தையும் கழுத்தையும் வெளுக்க வைத்திருப்பார்கள், மருதோன்றி போட்ட விரல்களை மட்டும் மறந்து அப்படியே விட்டிருப்பார்கள். முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். 13 வயதுப் பிள்ளை அந்தக் கையைப் பார்த்திருப்பாள்.

உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில், பரிசளிப்பு விழா வரவேற்பு நடனத்துக்குச் சிவலைப் பிள்ளைகளாகப் பார்த்து முன்வரிசையில் நிறுத்தினேன். ஒரு பிள்ளை ஒத்திகை முடிந்து எல்லோரும் போன பிறகு சலங்கையைக் கழற்றாமல் நின்று, "ரீச்சர், நான் நல்லா ஆடினா முன்னுக்கு வரலாமோ?" என்று கேட்டாள். அவள்தான் எல்லோரையும்விட நன்றாக ஆடினவள். நான் "நீ உயரம் அம்மா, அதுதான்" என்று சொன்னேன். அவள் தன் பக்கத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். உயரமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பார்வை இன்றைக்கும் என்னோடு இருக்கிறது, அவளிடம் மன்னிப்புக் கேட்க இப்போது அவள் எங்கே இருக்கிறாள் என்றும் தெரியாது. உங்கள் மகள் உங்களோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறாள்.

அவளிடம் போய், "பிழை எங்களுடையது, உன்னைக் கேட்காமல் விட்டுவிட்டோம்" என்று சொல்லுங்கள். விளக்கம் நீட்ட வேண்டாம். பிறகு ஸ்டூடியோவுக்குப் போன் எடுங்கள். எடுத்தபடியே இருக்கும் படங்கள் அவர்களுடைய கொம்பியூட்டரில் இருக்கலாம், அழிப்பதற்கு முன் கெதியாகக் கேளுங்கள், கை வைக்காமல் பென்டிரைவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவளே இருந்து தனக்குப் பிடித்த பத்துப் பன்னிரண்டு படத்தைத் தெரிந்தெடுக்கட்டும், அதை மட்டும் சின்னதாக அச்சடியுங்கள். பெரிய அல்பத்தை வருகிற ஆட்களுக்கு எடுத்துக் காட்டாதீர்கள். ஆராவது கேட்டால் சின்னதைக் கொடுங்கள், கொடுக்கும்போது மகளும் பக்கத்தில் இருந்தால் நல்லது.